சட்டி மினுக்கும் மணல்

திருக்கடலூரில் அந்த மீனவ வீட்டுக்கு சாய்ந்து உட்கார ஒரேயொரு கைக்கதிரைதான் இருந்தது. பதினொரு ஆண்டுகளாக அது மூத்த மருமகள் புஸ்பராணியின் கதிரை. இளையவள் இரத்தினேஸ்வரி பிள்ளைத்தாச்சி என்று தெரிந்த அன்றே அது இடம் மாறியது. பிறகு அறுக்குளா மீனின் நடுத்துண்டு மாறியது. மாமியார் யோகம்மாவின் குரலும் மாறியது. எல்லாவற்றையும் புஸ்பராணி பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தாள். ஆனால் கறுப்பி மாறியதை மட்டும் அவளால் பொறுக்க முடியவில்லை.

கறுப்பி அவளுடைய பூனை. கண் திறவாத குட்டியாக மீன்வாடிக்குப் பின்னால் கிடந்ததை எடுத்து வந்து, பஞ்சில் பால் நனைத்து ஊட்டியவள் அவள். பெற்றவளுக்கே பெருமை, பெறாதவள் பாதி மனுஷி என்று தீர்ப்பெழுதிய ஊரில், அவளுடைய மடியைத் தேடி வந்த ஒரே உயிர் அது. அந்த நன்றிகெட்ட பூனையும் இப்போது இரத்தினேஸ்வரியின் காலடியிலேயே சுருண்டு கிடந்தது.

"பூனைக்கும் தெரியுது அக்கா, ஆரின்ரை கால்மாட்டிலை கிடக்கவேணுமெண்டு" என்று இளையவள் சிரித்தாள். விளையாட்டாகச் சொன்ன சொல்தான். ஆனாலும் அது புஸ்பராணியின் நெஞ்சில் மீன்முள்ளாய்த் தைத்தது.

எழுபத்தொன்பதாம் ஆண்டுச் சித்திரை மாதத்தில் ஒருநாள், மாமியும் இளையவளும் நேர்த்திக்கடனுக்காகச் சல்லி அம்மன் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், கர்ப்பிணிகளைப் பார்க்க வீடுவீடாக வரும் மருத்துவமாது ஜெமீலா சைக்கிளில் வந்து இறங்கினாள். அடுப்படிக் குசினிக்குப் பின்னால் கிடந்த மணற்குவியலைக் கண்டதும் அவள் முகம் இறுகியது. கரி பிடித்த சட்டிகளைக் கடற்கரை மணலும் தேங்காய்த் தும்பும் கொண்டு மினுக்குவது அந்தக் கரையின் வழக்கம். அதே குவியலில்தான் கறுப்பி குழி பறித்து, காரியம் முடித்து, மூடிக்கொண்டிருந்தது.

"இந்த மணலாலையோ சட்டி மினுக்கிறியள்?"

"ஓம் மிஸ்ஸி. எல்லா வீட்டிலையும் இப்பிடித்தானே."

"பூனைப் பீயிலை ஒரு கிருமி இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாது. ஒண்டிரண்டு நாள் மணலுக்கை கிடந்தால் அதுக்கு வீரியம் வரும். பிள்ளைத்தாச்சியின்ரை கையாலை வாய்க்குப் போச்செண்டால், வயித்துப் பிள்ளையின்ரை கண்ணையும் மூளையையும் தாக்கக்கூடும்."

"அப்ப பூனையைத் துரத்தவேணுமோ?"

"ஏன் துரத்துவான்? தடவுறதாலை அந்தக் கிருமி லேசிலை தொத்தாது. பீயை வேறை ஆரும் ஒவ்வொரு நாளும் அள்ளிப் புதையுங்கோ. பூனைக்குப் பச்சை இறைச்சி வேண்டாம், அவிச்சுக் குடுங்கோ. பிள்ளைத்தாச்சி அந்த மணலைத் தொடவே கூடாது. சாப்பிட முதல் சவுக்காரம் போட்டுக் கை கழுவவேணும். அவ வந்த உடனை சொல்லிப்போடுங்கோ, மறக்காதையுங்கோ!"

புஸ்பராணி மறக்கவில்லை. குற்றமே அதுதான். சொன்னால் மாமி பாதியைத்தான் கேட்பாள், கறுப்பியைச் சாக்கில் கட்டிச் சீனன்குடாப் பக்கம் கொண்டுபோய் விடச் செய்வாள் என்று மனத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்தச் சமாதானத்துக்கு அடியில் இன்னொன்று படுத்திருந்தது. எல்லாம் அவளுக்கே கிடைத்திருக்கிறதே, இந்த ஒரு சொல்லாவது கிடைக்காமல் போகட்டுமே!

மூன்று நாட்கள் வாயைத் திறக்காமல் இருந்தாள். மூன்று நாளும் குசினி யன்னலில் நின்று, குனிந்து மணலள்ளும் இரத்தினேஸ்வரியின் வளையல் கைகளைப் பார்த்தாள்.

நான்காம் நாள் காலை. இரத்தினேஸ்வரி ஒரு கையால் சட்டியைத் தேய்த்தாள். மணல் ஒட்டிய மறு கையால் உப்பிட்ட மாங்காய்க் கீற்றொன்றை எடுத்து வாயருகே கொண்டுபோனாள். அதற்கு மேல் புஸ்பராணியின் கால்கள் அவளைக் கேட்கவில்லை. பாய்ந்தோடி மாங்காயைத் தட்டிவிட்டுச் சட்டியைப் பறித்தாள்.

"கையை எடடி!" யோகம்மா அலறிக்கொண்டு வந்தாள். "பிள்ளைத்தாச்சி சோறாக்கிற சட்டியிலை உன்ரை கை படக்கூடாதெண்டு எத்தினை தரம் சொன்னனான்? பெறாத உன்ரை எரிச்சல் பிள்ளையைப் பிடிக்கும்!"

என்ன அநியாயம்! காக்க வந்த கையைத் தீட்டென்று தள்ளி, கிருமி கிடக்கும் மணலைக் கர்ப்பிணியின் கையிலேயே திணித்தது அந்த மூடவழக்கம். உண்மையைச் சொல்லாமலே சட்டி மினுக்கும் வேலையை மட்டும் வாங்கிவிடலாம் என்ற கடைசி வழியும் அதனால் அடைபட்டது.

"எரிச்சல்தான் மாமி!" என்றாள் புஸ்பராணி. "எரிச்சலிலைதான் மூண்டு நாளாய்ச் சொல்லாமல் இருந்தனான்." மிஸ்ஸி சொன்ன அத்தனையையும் மூச்சு விடாமல் கொட்டினாள்.

யோகம்மா தலையிலடித்துக்கொண்டாள். "சாக்கைக் கொண்டாங்கோ! முதல்லை அந்தச் சனியன் பூனை போகட்டும்!"

"பூனை போனால் மணல் சுத்தமாகுமோ?" புஸ்பராணியின் குரல் முற்றத்தை உலுக்கியது. "கருவாடு காயிற ஊர் மாமி. அயலட்டை வீட்டுப் பூனையெல்லாம் இதுக்குள்ளைதான் வருகுது. எத்தினை சாக்குக் கட்டுவியள்? போகவேண்டியது மணல்!"

இரத்தினேஸ்வரி தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்லக் கேட்டாள்: "மூண்டு நாளும் யன்னலிலை நிண்டு பாத்துக்கொண்டிருந்தனீங்களோ, அக்கா?"

"ஓம்."

"என்ரை பிள்ளைக்கு ஏதும் வந்திருக்குமோ?"

"எனக்குத் தெரியாது."

இளையவள் அழவில்லை. எழுந்துபோய்ச் சவுக்காரம் எடுத்து, முழங்கை வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பிறகு மாமியை நோக்கி, "பூனை நிக்கட்டும் மாமி. சட்டியெல்லாம் இனி அக்கா மினுக்கட்டும், சாம்பலாலை. ஆனால் நான் பாத்துக்கொண்டு கதிரையிலை இருப்பன்" என்றாள். அந்தக் குரலில் மன்னிப்பு இருக்கவில்லை. புஸ்பராணி அதை எதிர்பார்க்கவுமில்லை.

மண்வெட்டி எடுத்துக் குவியல் முழுவதையும் வேலிக் கடவையடியில் குழிதோண்டிப் புதைத்தாள். கைகால் கழுவிச் சேலை மாற்றிக்கொண்டு வந்தபோது, இரத்தினேஸ்வரி குடையும் கிளினிக் அட்டையுமாக வாசல் படலையில் நின்றாள். மாமி கூடவர எழுந்தாள்.

"நீங்கள் வேண்டாம் மாமி. அக்கா வரட்டும். எத்தினை நாள் மறைச்சவவெண்டு டொக்டருக்கு அவவே சொல்லட்டும்."

புஸ்பராணி குடையை வாங்கி இளையவளின் தலைக்கு நேராக விரித்துப் பிடித்தாள். கறுப்பி படலை வரை வந்து இளையவளின் காலில் உரசியது. அப்போதும் நெஞ்சு சுருக்கென்றது. பொறாமை செத்துவிடவில்லை. ஆனால் வழிநெடுக அவள் வேண்டியது ஒன்றுதான்: கடவுளே, இவளுடைய பிள்ளைக்கு ஒன்றும் ஆகியிருக்கக்கூடாது.