கடைசி சீட்டு ஜன்னல்

எங்கள் பள்ளி பஸ்ஸில் என்னைப் போன்ற ஆயாம்மாவின் பிள்ளைக்குக் கட்டணம் கிடையாது. ஆகவே கடைசி சீட்டுதான். எவரும் எழுதி வைக்காத சட்டம். என் மகன் ஜெர்வின், மூன்றாம் வகுப்பு, அங்கேதான் உட்காருவான். அவனுக்கு வீசிங் உண்டு.

அண்ணனூர் ரயில்வே கேட் மூடினால் மற்ற வண்டிகளை அணைத்துவிடுவார்கள். எங்கள் பஸ் மட்டும் உறுமிக்கொண்டு நிற்கும். டிரைவர் எத்திராஜ் அண்ணனிடம் எத்தனையோ முறை சொன்னேன்.

"அணைச்சா செல்ஃப் எடுக்காது. அப்பால நீயா எறங்கித் தள்ளுவ?"

செவிடன் காதில் ஊதிய சங்குதான். எனவே கேட் மூடியதும் பின்னால் ஓடி ஜெர்வின் பக்கத்து ஜன்னல்களை நானே சாத்துவேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவனைப் பார்த்துக்கொள்வேன்.

"மா, தொறக்கட்டுமா? மூச்சு முட்டுது."

"கம்முனு குந்து. பொகை உள்ள வந்துடும்."

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை பள்ளி வாசலில் நீலம் பாரித்து விழுந்தான். "வீட்டில் விறகடுப்பா? யாராவது சிகரெட் பிடிப்பார்களா?" என்று டாக்டர் கேட்டார். இல்லவே இல்லை என்றேன். மூன்றாம் நாள் போய்விட்டான்.

அடக்கம் முடிந்து இருபதாம் நாள் வேலைக்கு வந்தேன். வயிறு என்று ஒன்று இருக்கிறதே. கடைசி சீட்டில் இப்போது பள்ளியைப் பெருக்கும் சுதாவின் மகள் ஜெபிஷா. கேட் மூடியது. ஜன்னல்களை அவளே சாத்தினாள்.

"நீங்க செய்ற மாதிரியே மூடிட்டேன் ஆயாம்மா."

இருமினாள். கையிலிருந்த பென்சில் தரையில் போட்டிருந்த ரப்பர் விரிப்புக்கு அடியில் உருண்டது. மே மாதம் பஸ் எஃப்.சி. சோதனைக்குப் போகும் முன் போட்ட விரிப்பு. அழகாக இருக்கிறதென்று நானே மெச்சியது. தூக்கினேன். கீழே தட்டு அகலத்துக்கு ஓட்டை. அதற்கு அடியில் வெடித்த சைலன்சர். விரிப்பின் ஓரமெல்லாம் கரி. புகை தரையிலிருந்து வந்திருக்கிறது. அது வெளியேறும் வழியைத்தான் நான் தினமும் அடைத்திருக்கிறேன்.

ஜன்னல்களைத் திறந்துவிட்டு முன்னால் போனேன்.

"அண்ணே, ஓட்டை உனுக்குத் தெரியுமா?"

அவர் ஸ்டியரிங்கையே பார்த்தார். "ஓனரு இந்த வருசம் மட்டும் ஓட்டலாம்னாரு. புள்ள அங்க குந்துறது எனுக்குத் தோணல ஞானம்."

கை நீட்டிச் சாவியைத் திருகிப் பிடுங்கினேன். பஸ் அடங்கியது. பிள்ளைகளை வரிசையாக இறக்கி ஓரமாக நிறுத்தினேன். கேட் திறந்தது. பின்னால் எல்லா வண்டிகளும் ஹாரன் அடித்தன. தள்ளுவதற்கு நான் போகவில்லை.