இரண்டு கோடுகளின் பேச்சு

என் மனைவி போன பிறகு, அவளைப் பற்றிக் கேட்பவர்களிடம் நான் ஒரு மதியத்தைப் பற்றித்தான் சொல்கிறேன். அவள் கோபம், அவள் சிரிப்பு, கடைசி மாதங்கள், இதையெல்லாம் சொல்ல வாய் வருவதில்லை. அந்த மதியம் பலர் முன்னிலையில் நடந்தது. அதைச் சொல்லலாம்.

நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு பொது அலுவலகம் நடத்தினோம். பழைய கிடங்கு ஒன்றை எடுத்து மேசை நாற்காலி போட்டு, தனியாகத் தொழில் செய்கிறவர்களுக்கு மாத வாடகைக்கு விட்டிருந்தோம். வீடியோ எடிட்டர், கணக்கர், மொழிபெயர்ப்பாளர், வீடுகளுக்கு வரைபடம் போடும் பெண் என்று ஆளுக்கொரு தொழில். சாவி, காபி, ஒழுகும் குழாய் எல்லாம் என் பாடு. நெட் அவள் பாடு.

அவள் மேசைக்கு மேலே சுவரில் ஒரு திரை இருந்தது. யார் எவ்வளவு நெட் இழுக்கிறார்கள் என்று அதில் கோடு கோடாக ஓடும். ஒருவர் அளவுக்கு மீறி இழுத்தால் மற்றவர்களுக்கு மூச்சு முட்டும். அப்போது எழுந்துபோய் அந்த ஆளின் தோளைத் தட்டிச் சொல்லிவிட்டு வருவாள். ஒவ்வொரு கோட்டுக்கும் ரகசியமாக ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தாள். எடிட்டர் திமிங்கலம், கணக்கர் எறும்பு. இன்னார் இன்ன பக்கத்தைப் பார்க்கிறார் என்று காட்டும் வசதியும் அதில் உண்டு. அதை முதல் நாளே அணைத்துவிட்டாள்.

"எறும்பு அப்படி என்னதான் பாக்குறாரு, கொஞ்சம் திறந்து பாரேன்" என்று ஒருமுறை கேட்டேன்.

"எவ்வளவுன்னு பாக்கலாம். என்னன்னு பாக்கக் கூடாது. இந்த வயசுல உங்களுக்கு எட்டிப் பாக்குற ஆசை வேறயா?" என்றாள்.

நான் சொல்லவந்த அந்த நாளில், காலையில் வரைபடப் பெண் என்னிடம் வந்து, மதியம் மூலையிலிருக்கும் சின்ன அறை வேண்டும் என்றாள். அவள் அப்பா வேறொரு நாட்டில் ஆஸ்பத்திரியில் இருந்தார். மதியம் அவருக்குத் தொண்டையில் குழாய் இறக்கப்போகிறார்கள். அதன் பிறகு பேச முடியாது. மறுபடி எப்போதாவது பேசுவாரா என்பதற்கு டாக்டர்களிடமும் பதில் இல்லை. குழாய் இறக்கும் முன் ஒரு நர்ஸ் தன் போனில் கொஞ்ச நேரம் பேசவைப்பதாகச் சொல்லியிருந்தாளாம்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்கண்ணா. எல்லாரும் பாவமா பாத்தா அழுதுடுவேன். அழுதுட்டா அப்பாகிட்ட பேச வராது."

மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவளிடம் சொல்வது வெளியே சொன்னதாகக் கணக்கில்லை.

மதியம் அந்தப் பெண் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சற்று நேரத்தில், தெருவில் தோண்டிக்கொண்டிருந்த இயந்திரம் எங்கள் கேபிளைக் கொத்திவிட்டது. திரையில் எல்லாக் கோடுகளும் பொத்தென்று விழுந்தன. உடனே கூரை மேலிருந்த அவசரப் பெட்டி விழித்துக்கொண்டது. கேபிள் போனால் செல்போன் சிக்னலில் நெட் தரும், சிம் போட்ட சின்னப் பெட்டி அது. அத்தனை பேரும் அதில் தொற்றிக்கொண்டபோது ஒரே சைக்கிளில் குடும்பமே ஏறியதுபோல் திணறியது. மூலை அறையிலிருந்து, "அப்பா? கேக்குதா அப்பா?" என்ற குரல் மெலிதாக வந்தது.

அந்தத் தடித்த சுவர்களுக்குள் செல்போன் எடுக்காது. ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களைத் துண்டிக்க அந்தப் பெட்டியில் வழியில்லை. கடவுச்சொல்லை மாற்றினால் அந்தப் பெண்ணின் இணைப்பும் சேர்ந்து அறுந்துபோகும்.

"இப்ப என்ன செய்யறது?" என்றேன்.

"எல்லார்கிட்டயும் கேக்க வேண்டியதுதான்" என்று என் மனைவி எழுந்து கூடத்தின் நடுவில் போய் நின்றாள்.

"எல்லாரும் இங்க கேளுங்க. இப்பவே வைஃபைய அணைங்க. போன், லேப்டாப் எல்லாம். நான் சொல்ற வரைக்கும் யாரும் தொடக் கூடாது."

"ஏங்க்கா?"

"ஏன்னு கேக்காதீங்க."

"எனக்கு மீட்டிங் நடந்துட்டிருக்கு" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"மீட்டிங்குல நீங்க இல்லாதத அவங்க கண்டுபிடிக்கவே நேரமாகும். அணைங்க சார்."

முணுமுணுத்தார்கள். ஆனால் திரையில் கோடுகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. ஒன்று மட்டும் மலைபோல நின்றது.

"திமிங்கலம், நீ இன்னும் விடல."

எடிட்டர் மெல்லத் தலையைத் தூக்கினான். "யாரு, நானா திமிங்கலம்?"

யாரோ குபீரென்று சிரித்தார்கள். என் மனைவி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "செல்லப்பேருதான் தம்பி, கோவிச்சுக்காத. நிறுத்து."

"அக்கா, ஒரு வாரம் எடிட் பண்ணின படம். காலைலேர்ந்து ஏறிட்டிருக்கு, இன்னும் துளிதான் பாக்கி. இப்ப விட்டா திரும்ப முதல்லேர்ந்து. இன்னைக்குப் போகலன்னா அந்த ஆளு இனிமே எனக்கு வேலையே தரமாட்டான்."

"தெரியும்ப்பா."

"அப்படி என்னக்கா தலை போற விஷயம்?"

"சொல்ல முடியாது. நான் கேக்குறேன், அவ்வளவுதான்."

அவன் அவள் முகத்தையே பார்த்தான். அதில் என்ன படித்தானோ, "திமிங்கலம்னு சொன்னதுக்கு ஒரு மாசம் காபி இலவசம்" என்று முனகிக்கொண்டே லேப்டாப்பைப் படக்கென்று மூடினான். மலை சரிந்தது.

அப்புறமும் ஒரு தடித்த கோடு ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள்.

"ஏங்க! நம்ம வாசல் கேமரா!" என்று கத்தினாள். ஓடிப்போய் ஸ்டூலில் ஏறி வயரைப் பிடுங்கினேன்.

"ஊரையெல்லாம் அதட்டிட்டு, கடைசில வீட்டுக்காரம்மாதான் குத்தவாளி" என்றார் கணக்கர்.

அதன் பிறகு திரையில் அந்தப் பெண் மட்டும். ஒரே ஆள் மிஞ்சினால் கோடு இரண்டாகப் பிரிந்து காட்டும். உள்ளே வருவது நீலம், வெளியே போவது பச்சை. அந்தப் பெண் முகம் காட்டும் வீடியோவை நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் வைத்திருந்தாள் போலிருக்கிறது. நீலம் மெல்ல எழுந்தது, நடுங்கியது, தாழ்ந்தது. பச்சை சட்டென்று எழுந்து உடனே அடங்கியது. மறுபடி நீலம். இந்த முறை நெடுநேரம். நடுநடுவே தரையோடு தரையாகப் படுத்து, பிறகு பலத்தைத் திரட்டிக்கொண்டு எழுந்தது. மூச்சு வாங்குகிறார் என்று எனக்குப் புரிந்தது. எங்கோ ஒரு கட்டிலில் கிடந்து ஒரு மனிதர் பேசுவதை, ஒரு சொல்லும் கேட்காமல், நாங்கள் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தோம். மற்றவர்களுக்கு எதுவும் தெரியாது. ஆனாலும் ஒருவரும் அசையவில்லை. ஓரிடத்தில் இரண்டு கோடுகளும் சேர்ந்தே எழுந்து குலுங்கின. சிரித்தார்களோ, அழுதார்களோ. எத்தனையோ வருடங்களாக அந்தத் திரைக்கு அடியில் காபிக் கோப்பை கழுவியிருக்கிறேன். கடல் கடந்து வரும் ஒரு குரல் அதில் இப்படி மேடும் பள்ளமுமாக உயிரோடு ஓடும் என்று நினைத்ததே இல்லை.

என் மனைவி கையை நீட்டித் திரையை அணைத்தாள்.

"அய்யோ, ஏங்க்கா?" என்றான் எடிட்டர், கிசுகிசுப்பாக.

"இதுக்கு மேல பாத்தா, என்னன்னு பாக்குறதாயிடும்."

அவரவர் இடத்தில் போய், மூடிய லேப்டாப்புகளுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரியாமலே அத்தனை பேர் அப்படிக் காத்திருந்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. என் மனைவி அவர்களுக்கு நடுவில் நின்றுகொண்டே இருந்தாள். அவளை அன்று புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்து அந்தப் பெண் வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது, முகம் தெளிந்திருந்தது. கூடத்தைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

"என்னாச்சு? எல்லாரும் சும்மா உக்காந்திருக்கீங்க?"

"நெட் போயிடுச்சும்மா. தெருவுல கேபிள வெட்டிட்டாங்க" என்றாள் என் மனைவி.

"அப்படியா? எனக்கு நல்லா வந்துதே! நடுவுல கொஞ்சம் விட்டு விட்டு வந்துது, அப்புறம் பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இருந்துதுக்கா."

"உங்களுக்கு யோகம்" என்றான் எடிட்டர், மூடிய லேப்டாப்பைத் தடவிக்கொண்டே.

"பேசினியா?" என்று கேட்டாள் என் மனைவி.

"நான் எங்க பேசினேன்? எல்லாம் அவர்தான்" என்று சிரித்தாள். "வாய் ஓயவே இல்ல."