களத்துமேடு நீங்கலாக

எங்கள் வீட்டுக்காரர் சூசைநாதனுக்கு விவசாயம் பார்க்கத் தெரியும், விற்கத் தெரியாது. வில்லியனூருக்கு இந்தப் பக்கம் ஒரே கட்டாகக் கிடந்தது எங்கள் நிலம். மகன் பிரான்சில், மகள் கன்னியர் மடத்தில். இவருக்கு முட்டி மடங்கவில்லை, எனக்கு நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறது. டவுன் வேறு மனைமனையாக எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது. போதும்டா சாமி, விற்றுத் தொலைத்துவிடலாம் என்று எண்பத்து மூன்றாம் வருஷம் முடிவு செய்தோம். நாங்கள் சண்டையில்லாமல் எடுத்த முடிவு அது ஒன்றுதான்.

ஒன்று மட்டும் சொன்னேன். "களத்துமேட்ட வுட்டுட்டு மீதிய வித்துக்கோங்க. அது தையலுக்கு."

தையலம்மாள் கல்யாணமாகி வந்த நாளாய் எங்கள் வயலில் வேலை செய்கிறவள். நெல்லடிக்கிற அந்த மேட்டின் ஓரமாக அவளும் இரண்டு மகன்களும் கூரை போட்டிருந்தார்கள். பட்டா கிட்டா ஒன்றும் கிடையாது. இந்த இடம் உனக்குத்தான் என்று மாதாவைச் சாட்சி வைத்து நான் கொடுத்த வாக்குதான் அவளுக்குப் பட்டா.

கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருந்த சிராஜுதீன் பாய்தான் தரகு. "ஞாயித்துக்கெழம மெட்ராஸ்லேர்ந்து பார்ட்டி வருதுண்ணே. பிளாட் போடறவங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான், இவருக்குத் தலைகால் புரியவில்லை. தையலையும் அவள் மகன்களையும் கூப்பிட்டு வரப்பெல்லாம் செதுக்கி, கடைமடை வரை தண்ணீர் கட்டச் சொன்னார். பெண் பார்க்க வருகிறார்கள் என்று வீட்டை மெழுகுகிற மாதிரி நடந்தது.

"நெல்லு வாங்கவா வராங்க அவங்க?" என்று கேட்டேன்.

"ஒனக்கு இன்னாமே தெரியும்? தண்ணி இருந்தாத்தான் நெலத்துக்கு மவுசு" என்று என் வாயை அடைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பூசை முடிந்து வந்தபோது மெட்ராஸ்காரர் வந்து நின்றார். எங்கே பார்த்தாலும் பயிருக்கடியில் தண்ணீர். வரப்பில் நாலு அடி வைத்தவர், கணுக்கால் வரை சேற்றில் புதைந்தார். இவர் பெருமையாக, "ஒரு சொட்டு வடியாது சார், அப்பிடி மண்ணு!" என்கிறார். அட பாவி மனுஷா! எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"சரியான பள்ளமா இருக்கே பாய். மண்ணு அடிச்சே நான் ஓட்டாண்டி ஆயிடுவேன்" என்றார் வந்தவர். பிறகு களத்துமேட்டைப் பார்த்தார். "அந்த மேடும் சேந்து வந்தா எடுத்துக்கறேன். அத வெட்டி இதுல நெரவிக்கலாம். இல்லன்னா நீங்க சொல்ற வெலைல பாதிதான்."

இவர் சரி சரி என்று தலையாட்டினார். நான் முடியாது என்றேன். நிலம் இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. நான் கையெழுத்துப் போடாமல் ஒரு பிடி மண்கூட நகராது.

"பாதி வெலைக்கு வித்தவன்னு ஊரே கைகொட்டிச் சிரிக்கும்" என்று புலம்பினார்.

"தண்ணி கட்டச் சொன்னது யாரு?" என்றேன். அதிலிருந்து கஞ்சியைக்கூட என் முகம் பார்க்காமல் குடித்தார். பாய் பாவம், கடையை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் நடந்து நடந்து அலுத்துப்போனார். எனக்கும் அலுத்துத்தான் போயிற்று. ஆனாலும் விடவில்லை. களத்துமேடு நீங்கலாக என்று பத்திரத்தில் எழுதவைத்துப் பாதி விலைக்குக் கையெழுத்துப் போட்டேன். இவரையும் கையெழுத்துப் போடவைத்து, மேட்டைத் தையல் பெயரில் தனியாக எழுதியும் வைத்தேன்.

அறுப்பு முடிந்ததும் பிளாட் கம்பெனி ஆட்கள் வயலில் மனைக்கல் நட ஆரம்பித்தார்கள். மூச்சு வாங்க மேடேறிப்போய்ப் பத்திரத்தைத் தையலம்மாள் கையில் கொடுத்தேன். "இனிமே எவனும் ஒன்னக் கெளப்ப முடியாதுடி."

கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீ நல்லா இருக்கணும்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. பிடித்த கையை விடாமல் அவள் கீழே, கல் நடுகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வூடு குடுத்த, சரி. விடிஞ்சா எங்கம்மா வேலைக்கு எறங்கறது?"

யாரையாவது நாலு வார்த்தை திட்டினால் எனக்கு ஆறிவிடும். அன்றைக்கு யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. அவள் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.