புறப்பட்டவர்கள்

...இல்லை, 'தற்செயல்' என்ற அந்தச் சொல்லை இன்று சொல்லப்போவதில்லை, அருங்காட்சியகச் சுவரில் எவ்வளவு பெரிதாக எழுதி வைத்திருந்தாலும் சரி. ஆஸ்திரேலியாவுக்கு முதல் மனிதர்கள் தற்செயலாக மிதந்து வந்திருக்கலாமாம், புயலில் அறுந்த மூங்கில் தெப்பத்தில், கரையில் குப்பை ஒதுங்குவது போல... சின்ன வயதில் பள்ளி வகுப்பில் ஆசிரியை, நீங்கள் எல்லோரும் எப்படி இங்கே வந்து சேர்ந்தீர்கள் என்று கேட்டபோதும் இதே தொனிதான், வந்து சேர்வது, ஒதுங்குவது, உலகத்தில் யாருமே புறப்பட்டதில்லையா? வழிகாட்டி வெரோனிக்கா பார்வையாளர்களை நோக்கித் திரும்பினாள். "அவர்கள் படகு கட்டினார்கள்" என்றாள் ஜெர்மன் மொழியில், சத்தமாக. "பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்கள். புயலில் தப்பிய நாலு பேரால் ஒரு கண்டம் நிறையாது." குழு நகரும்வரை அருங்காட்சியகத்தின் பிரிவுத் தலைவி காத்திருந்தாள், பிறகு மெதுவாக, பலகையில் இருப்பதை மட்டும் சொல்லுங்கள், மற்றது நிரூபணமாகவில்லை என்றாள். தற்செயல் மட்டும் நிரூபணமாகிவிட்டதா? அடுத்த குழுவுக்கும் இப்படியே சொன்னால் இனி உங்களுக்கு இங்கே வேலையில்லை என்றும் சொன்னாள்... இருக்கட்டும், வழிகாட்டி வேலைதானே, போனால் போகட்டும்.

நடைபாதையில் நிற்கும்போது கெல்சென்கிர்ச்சன் நகரிலிருந்து அம்மா போனில் அழைத்தாள், சாப்பிட்டியோ என்று கேட்கத்தான். அதற்குப் பதில் சொல்லாமல், "அம்மா, ஊரை விட்டிட்டு ஷோனெஃபெல்ட் எயார்போட்டில வந்து இறங்கேக்க எங்க போறியள் எண்டு தெரியுமோ?" என்று கேட்டுவிட்டாள். மறுமுனையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. "ஏன் பிள்ளை இப்ப? ஒண்டும் தெரியாது. ஏஜென்சிக்காரன் ஏத்திவிட்டான், ஏறினன்." "அப்ப நீங்களா விரும்பி வரேல்லையோ?" "விரும்பியோ... அங்க இருக்க ஏலாது எண்டது மட்டும் தெரியும்." மறுமுனையில் மறுபடி தண்ணீர்ச் சத்தம் கேட்டது, "சரி, சாப்பிடு, வைக்கிறன்."

அடுத்த குழு உள்ளே வந்தது, கதவருகே பிரிவுத் தலைவி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள், நிற்கட்டும், கேட்கட்டும், வெரோனிக்கா அவள் முகத்தை நேராகப் பார்த்தே சொன்னாள், படகு கட்டினார்கள் என்று, புறப்பட்டார்கள் என்று, ஒரு சொல்லும் குறையாமல். பிரிவுத் தலைவி திரும்பி வெளியே போனாள். அவ்வளவுதான், முடிந்தது, நெஞ்சில் ஒரு பயமும் இல்லை... அப்போது முன்னால் நின்ற பெண் கேட்டாள், "ஏன் புறப்பட்டார்கள்?" வெரோனிக்கா சுவர்ப் பலகையைத் திரும்பிப் பார்த்தாள். படகுக்காக இத்தனை பிடிவாதம் பிடித்தவள், விட்டு வந்த கரையில் என்ன நடந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை, அந்த முதல் மனிதர்களைப் பற்றியும், அம்மாவிடமும்.