நான் உருட்டிய பத்து விரல்கள்

டேரில் ஷூமனுக்கு வந்த கடிதம் என் வீட்டுத் தபால் பெட்டியில் கிடந்தது. அவன் வீடு நாற்பத்து மூன்றாம் எண், என்னுடையது நாற்பத்தொன்று. புதிய தபால்காரர் எண்ணை மாற்றிப் போட்டுவிட்டார்; அவன் வீடு நான்கு வருடமாகப் பூட்டிக் கிடப்பதும் அவருக்குத் தெரியாது. அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பது குற்றம். இருபத்திரண்டு வருடமாக ஷெரிஃப் அலுவலகத்தில் வேலை பார்க்கும் எனக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சமையலறை மேசையில் வைத்து வெண்ணெய்க் கத்தியால் பிரித்தேன்.

தெற்கே ஆயிரம் மைலுக்கு அப்பால் உள்ள ஒரு கடலோர மாநிலத்திலிருந்து வந்திருந்தது. தாளின் மூலையில் பனைமரப் படம். “அன்புள்ள அனுமதிதாரரே, துப்பாக்கியை மறைத்து வைத்து எடுத்துச் செல்வதற்கான உங்கள் அட்டை தொண்ணூறு நாட்களில் காலாவதியாகிறது. புதுப்பித்துக்கொள்ள இன்றே விண்ணப்பியுங்கள்.”

அந்த அன்புள்ள அனுமதிதாரர்தான் என் கணவர் லென்னைச் சுட்டுக் கொன்றவன். அவனைச் சிறையில் வைத்திருப்பது எங்கள் மாநிலம். அவனுக்கு அட்டை கொடுத்தது அந்த மாநிலம். நான்கு வருடத்தில் இது அதனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுவும் கேட்கவில்லை.

கடிதத்தைக் கிழித்துப் போடவில்லை. கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அலுவலகத்தில் என் இடம் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால். துப்பாக்கி அனுமதி கேட்டு வருபவர்களின் விண்ணப்பத்தை வாங்குவது நான். புதன்கிழமைகளில் விரல் ரேகை எடுப்பதும் நான். பள்ளிப் பேருந்து ஓட்டுபவர்கள், நர்ஸுகள், குழந்தையைத் தத்தெடுப்பவர்கள் எல்லோரும் வருவார்கள். எல்லோரிடமும் ஒரே வாசகத்தைச் சொல்வேன். “கையைத் தளர விடுங்க. நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க, நான் பாத்துக்கிறேன்.” கட்டைவிரலை உடம்பை நோக்கி உருட்ட வேண்டும், மற்ற விரல்களை உடம்பை விட்டு வெளிப்புறமாக. ஒரு நகத்தின் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை, ஒரே அழுத்தம். மாற்றி உருட்டினால் கோடுகள் கலங்கிவிடும்.

லென் சாவதற்கு முந்தின வருடம் மார்ச் மாதம் ஷூமன் அனுமதி கேட்டு வந்தான். எங்கள் தெருவுக்குக் குடிவந்து அப்போது ஏழெட்டு மாதம் ஆகியிருக்கும். அவன் மேல் மூன்று புகார்கள் இருந்தன. கூட வேலை பார்த்தவனின் கார்க் கண்ணாடியை இரும்புக் கம்பியால் உடைத்தது ஒன்று, கொன்றுவிடுவேன் என்று மிரட்டியதாக மற்ற இரண்டு. எதிலும் தண்டனை இல்லை. சாட்சி சொல்ல யாரும் வரவில்லை. ஆனால் குணம் சரியில்லை என்று தோன்றினால் மறுக்கும் உரிமை எங்கள் மாநிலத்தில் ஷெரிஃபுக்கு உண்டு. ஷெரிஃப் பெவன் மறுத்தார். மறுப்புக் கடிதத்தைத் தட்டச்சு செய்தது நான். அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை வந்தான். கையில் ரேகை அட்டை. அதன் தலைப்பில் தெற்கு மாநிலத்தின் பெயர் அச்சாகியிருந்தது.

“என்ன டோலி, பயப்படாத. இந்தத் தடவை ஒண்ணும் கேக்க வரல. கையை மட்டும் நீட்டுறேன்.”

“இது எதுக்கு டேரில்?”

“கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் படி. உங்க ஷெரிஃப் என்னை நல்லாத் தெரியும்னு சொல்லி மாட்டேன்னுட்டாரு. அங்க இருக்கறவங்க என்னைப் பாத்ததே இல்ல. அதனால நல்லவன்னு நம்புறாங்க.”

“அந்த ஊருக்கு நீ போயிருக்கியா?”

“எதுக்குப் போகணும்? வெயில் எனக்கு ஒத்துக்காது.” அவனே சிரித்துக்கொண்டான்.

நான் உள்ளே போய் ஷெரிஃபிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த சாண்ட்விச்சைக் கீழே வைத்தார்.

“ரேகை எடுக்கறது பொதுச் சேவை டோலி. எதுக்குன்னு கேக்க நமக்கு உரிமை இல்ல. எடுத்துக் கொடு.”

“அந்தக் கார்டு வந்தா இங்கயும் செல்லுமே.”

“செல்லும். நம்ம கார்டை அவங்க மதிக்கறாங்க, அவங்க கார்டை நாம மதிக்கறோம். மேல இருக்கறவங்க கையெழுத்துப் போட்டிருக்காங்க.”

“அப்போ நீங்க மாட்டேன்னு சொன்னது?”

“அது எனக்கும் உனக்கும் மட்டும்தான்.” அவர் மறுபடி சாண்ட்விச்சை எடுக்கவில்லை. அதை நான் அவர் கணக்கில் நல்லதாகவே வைத்திருந்தேன், நெடுநாள் வரை.

திரும்பி வந்து அவன் கையைப் பிடித்தேன். சூடான, மெத்தென்ற கை. நகங்களைக் கடித்து வைத்திருந்தான். கையைத் தளர விடுங்க என்றேன். பத்து விரலும் பளிச்சென்று விழுந்தன. என் வேலை எப்போதும் சுத்தமாக இருக்கும்.

அன்று மாலை லென்னிடம் சொன்னேன். அவர் பள்ளிக்கூடத்தில் கொதிகலன் பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் சூடாகவிடாமல் பார்த்துக்கொள்வதே அவர் சுபாவமாகிவிட்டிருந்தது. “நீ மாட்டேன்னா பக்கத்துக் கவுண்டி ஷெரிஃப் ஆபீஸுக்குப் போயிருப்பான். கைய நல்லாக் கழுவிட்டு வா, முட்டைக்கோஸ் ஆறிடும்” என்றார்.

ஜூன் மாதம் அட்டை வந்திருக்க வேண்டும். அக்டோபரில் டவுன் போலீஸ்காரன் மிக் டோரன் ஜன்னலில் வந்து சாய்ந்தான்.

“உங்க தெரு ஷூமன் இருக்கானே, கடை வாசல்ல கல்லாப் பொண்ணக் கண்டபடி திட்டிக்கிட்டு நிக்கறான். கோட்டைத் தூக்கிப் பாத்தா இடுப்புல துப்பாக்கி. மாட்டினான்டா மகனேன்னு விலங்க எடுத்துட்டேன். அவன் ஒரு கார்டை நீட்டுறான், பனைமரம் போட்டு. ரேடியோல கேட்டேன், செல்லும்னாங்க.”

“அப்புறம்?”

“துப்பாக்கியத் திருப்பிக் கொடுத்தேன். ‘போயிட்டு வாங்க சார்’னு வேற சொன்னேன். எனக்கே அசிங்கமா இருந்துச்சு டோலி.”

அந்த அட்டை மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் அன்றே அவனைப் பிடித்திருப்பார்கள். அனுமதியில்லாமல் மறைத்துச் சுமப்பது எங்கள் மாநிலத்தில் பெரிய குற்றம். துப்பாக்கியும் போயிருக்கும். ஜனவரியில் அவன் இடுப்பு காலியாக இருந்திருக்கும்.

ஜனவரியில் இரண்டு அடி பனி விழுந்தது. எங்கள் தெருவில் வண்டி நிறுத்தத் தெருவோரம்தான் இடம். யார் பனியை அள்ளி இடம் பண்ணுகிறார்களோ அவர்கள் அங்கே ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டுப் போவார்கள். அந்த நாற்காலியை யாரும் தொட மாட்டார்கள். எதிர் வீட்டு மிஸஸ் வாஸிலக்குக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அழைத்துப் போகும் வேன் வாசலில் நிற்க வேண்டும் என்று லென் காலையிலேயே இரண்டு மணி நேரம் அள்ளி, எங்கள் சமையலறையின் மஞ்சள் நாற்காலியைக் கொண்டுபோய் வைத்தார். காபி குடிக்க உள்ளே வந்தார். அந்தக் கால் மணி நேரத்தில் ஷூமன் நாற்காலியைப் பனிக் குவியலில் எறிந்துவிட்டுத் தன் வண்டியை அங்கே நிறுத்தியிருந்தான்.

நான் படிகளில் உப்புத் தூவிக்கொண்டிருந்தேன். லென் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவன் வண்டியருகே போய் நின்றார்.

“டேரில், வண்டிய எடுப்பா. அந்தம்மாவுக்குப் பத்து மணிக்கு வேன் வருது.”

“ரோடு உங்க அப்பன் வீட்டுதா?”

“இல்ல. ஆனா அள்ளினது என் முதுகு.”

லென் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு இரண்டு சத்தம். உப்புப் பை என் கையிலேயே இருந்தது. லென் உட்காருவதுபோல மெதுவாகச் சரிந்தார்.

மிக் டோரன்தான் வந்தான். ஷூமன் துப்பாக்கியை வண்டியின் முகப்பில் வைத்துவிட்டுக் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றான். அவன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, “எனக்கு பெர்மிட் இருக்கு.” கீழே ஒரு மனிதர் கிடந்தார். அவன் சொன்னது அதுதான். பின்னால் அவன் வக்கீல், லென் மண்வெட்டியை ஓங்கினார் என்றார். லென் அதை ஓங்கவில்லை, ஊன்றியிருந்தார். நான் பார்த்தேன். கோர்ட்டில் சொன்னேன். கொலை என்பது குறைந்து, ஏழு வருடம் என்றாகிவிட்டது.

ரேகை எடுத்தது நான் என்பதைக் கோர்ட்டில் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கடிதம் வந்த இரண்டாம் மாதம், செனட்டர் லாவெல் தலைமையில் ஒரு குழு எங்கள் ஊருக்கு வந்தது. சொந்த மாநிலத்தில் மறுக்கப்பட்டவன் வேறு மாநிலத்தில் தபாலில் வாங்கிய அட்டையை இனியும் மதிக்கலாமா என்று மக்களிடம் கேட்கிறார்களாம். பேசுவதற்கு நான் பேர் கொடுத்தேன். முந்தின நாள் ஷெரிஃப் என் ஜன்னலுக்கு வந்தார்.

“லென்னைப் பத்திச் சொல்லு. அழுதாக்கூட நல்லதுதான். ரேகை விஷயம் மட்டும் வேண்டாம்.”

“ஏன்?”

“மாட்டேன்னு சொன்ன ஆபீஸே கையப் பிடிச்சுக் கொடுத்துச்சுன்னு பேப்பர்காரன் எழுதுவான்.”

“அதானே நடந்துச்சு.”

“டோலி, உனக்குப் பென்ஷனுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு.” நல்லவர்கள் மிரட்டும்போது குரல் இப்படித்தான் தணிந்து வரும் போல.

தீயணைப்பு நிலையக் கூடத்தில் கூட்டம். முந்தின வெள்ளிக்கிழமை ஊர் விருந்துக்குப் பொரித்த மீன் வாசம் இன்னும் சுவரில் இருந்தது. எனக்கு முன்னால் ஒரு லாரி ஓட்டுநர் பேசினார். “நான் இடுப்புல துப்பாக்கியோட வாரத்துக்கு ஆறு மாநிலம் போறேன். ஒரு பாலத்துக்கு இந்தப் பக்கம் யோக்கியன், அந்தப் பக்கம் கைதி. நான் என்னங்க தப்பு பண்ணேன்?” அவர் சொன்னதில் தப்பில்லை. அவர் மேல் எனக்குக் கோபமும் இல்லை. அவருக்கு அவர் ஊர் ஷெரிஃபே அனுமதி கொடுத்திருக்கிறார்.

என் முறை வந்தது. மூன்று நிமிடம், முடிந்ததும் மணி அடிப்பார்கள். செனட்டர் என் இழப்புக்கு வருத்தம் தெரிவித்தார். நான் பையிலிருந்து மைப் பலகையையும் ஒரு வெற்று ரேகை அட்டையையும் எடுத்து அவர் மேசையில் வைத்தேன்.

“கையைக் கொடுங்க செனட்டர்.”

அவர் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். கேமரா இருந்தது. கொடுத்தார்.

“தளர விடுங்க. நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க, நான் பாத்துக்கிறேன்.” கட்டைவிரலை உருட்டினேன். “என் புருஷனைக் கொன்னவனுக்கு இந்த ஊர் ஷெரிஃப் அனுமதி தரல. மூணு வாரம் கழிச்சு இதே மாதிரி கையை நீட்டினான். இந்த அட்டைய ஒரு உறையில போட்டு அனுப்பினான். அங்க இருக்கற ஒருத்தர்கூட இந்த ஊருக்குப் போன் பண்ணி, இவன் எப்படிப்பட்டவன்னு கேக்கல. கேட்டிருந்தா நான்தான் போனை எடுத்திருப்பேன்.”

ஏழாவது விரலில் மணி அடித்தது.

“மேடம், நேரம் முடிஞ்சிருச்சு.”

“இன்னும் மூணு விரல் இருக்கு.”

அவர் கையை இழுத்தார். நான் விடவில்லை. எட்டு, ஒன்பது, பத்து. கூடத்தில் யாரோ செருமினார்கள்.

“இதெல்லாம் உங்களுக்கு எப்படி இவ்வளவு துல்லியமாத் தெரியும்?” என்றார் செனட்டர். சிரிப்பு போயிருந்தது.

“அவன் ரேகைய எடுத்தது நான்தான்.”

மூன்றாவது வரிசையில் ஷெரிஃப் தன் தொப்பிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பனைமரக் கடிதத்தை மேசையில் வைத்தேன். “இது அவனுக்கு வந்திருக்கு. ஜெயில்ல இருக்கறான்னு அவங்களுக்கு யாராவது சொல்லுங்க.” துடைக்கத் துணி கேட்டார் செனட்டர். நான் கொண்டு போகவில்லை.

வாக்கெடுப்பு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது. அதற்கடுத்ததுக்கும் தள்ளிப்போகும். என்னை வேலையை விட்டு நீக்கவில்லை; பேப்பரில் பேர் வந்துவிட்டதால் பயப்படுகிறார்கள்.

போன புதன்கிழமை ஒரு ஆள் வந்தார். எனக்குத் தெரியாத முகம். அட்டையை ஜன்னலுக்குள் தள்ளினார். தலைப்பில் அதே மாநிலம்.

“இதை நான் எடுக்க மாட்டேன்” என்றேன்.

“ஏங்க? இன்னிக்குத்தானே ரேகை எடுக்கற நாள்?”

“எடுக்கற நாள்தான். என் கை எடுக்காது.”

சத்தம் கேட்டு ஷெரிஃப் வெளியே வந்தார். அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு மைப் பலகையைத் தன் பக்கம் இழுத்தார். ரேகை எடுத்து அவருக்கு இருபது வருடம் ஆகியிருக்கும். முதல் அட்டை கலங்கியது. இரண்டாவதும் கலங்கியது. அந்த ஆள் கடிகாரத்தைப் பார்த்தார்.

“டோலி,” என்றார் ஷெரிஃப், திரும்பாமலே. “கட்டைவிரல் எந்தப் பக்கம் உருட்டணும்?”

உடம்பை நோக்கி. மற்றவை வெளிப்புறம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

நான் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன்.