இதை எடுக்காதே

பிரஸ்காரரின் மூன்று விரல்கள் போய்விட்டன. காலை பத்தேகால் மணி. அவர் போட்ட அலறல் மாடியில் இருந்த எனக்கே கேட்டது. கீழே ஓடினேன். தகட்டை மடிக்கும் பிரஸ் மேலே ஏறி நின்றிருந்தது. அவர் வலது கையை வயிற்றோடு அழுத்திக்கொண்டு தரையில் உருண்டார். சட்டை, தரை, தகடு எல்லாம் ரத்தம். "கை உள்ள இருந்துச்சே... எப்படி இறங்குச்சு... கை உள்ள இருந்துச்சே..." என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். யாரோ மெயினை அணைத்தார்கள். முதலாளி அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. கை உள்ளே இருந்தால் அந்த பிரஸ் இறங்கக் கூடாது. அதன் வாயிலில் ஒளிக்கதிர்களால் ஆன ஒளித்திரை ஒன்று உண்டு. கை குறுக்கே வந்தால், பிரஸ்ஸை இறக்கும் மிதியில் தெரியாமல் கால் பட்டாலும், எங்கள் சாஃப்ட்வேர் பிரஸ்ஸை நிறுத்திவிடும். பதினோரு வருடமாக நிறுத்தியது. அன்று நிறுத்தவில்லை.

அன்று மாறியிருந்தது ஒன்றே ஒன்று, பில்ட். நாங்கள் எழுதி வைத்திருப்பது நானூறு சொச்சம் ஃபைல்கள். எதை எதைச் சேர்த்து பிரஸ்ஸில் ஏற்றும் ஒரே பொட்டலமாகக் கட்டுவது என்று சொல்லும் பட்டியல்தான் பில்ட். பழைய பட்டியல் நான் போட்டது. ஒரு தடவை கட்டி முடிக்க நாற்பது நிமிஷம் ஆகும். என் மனைவியின் தம்பி அதைப் புது பில்ட் முறைக்கு மாற்றி மூன்று நிமிஷத்துக்குக் கொண்டுவந்தான். அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். எதையும் குறுக்கிக் காட்டுகிறவன் என்பதால் ஆபீசில் அவன் பெயர் சுருக்கு.

"கோட்ல ஒரு எழுத்துகூட மாறல மாமா. கட்டற விதம்தான் மாறுது" என்றான். சரிதானே என்று, பிரஸ்ஸுக்குள் குச்சியை நீட்டிப் பார்க்கும் சோதனையை நான் வேண்டாமென்று விட்டேன். கையெழுத்தும் போட்டேன். முந்தின நாள் சாயங்காலம் எங்கள் பிரஸ்ஸில் ஒன்று, வெளிப் பட்டறைகளில் மூன்று, ஆக நான்கிலும் புதுசு ஏறியது.

வண்டி போனதும் நானும் சுருக்கும் மாடிக்கு ஓடினோம்.

"மாப்ள, ரெண்டு லிஸ்டையும் பக்கத்துல பக்கத்துல வை."

வைத்தான். ஒளித்திரையைப் பார்க்கும் ஃபைலின் பெயர் கைக்காவல். பழைய பட்டியலில் இருந்தது. புதியதில் இல்லை. மேசையில் வைத்துச் சோதிப்பதற்காக, எப்போது கேட்டாலும் 'கை இல்லை' என்றே பதில் சொல்லும் ஒரு டம்மி ஃபைல் வைத்திருந்தோம். நிஜம் வராததால் அந்த இடத்தில் டம்மி போய் உட்கார்ந்துகொண்டது. பில்ட் ஒரு முனகல்கூட இல்லாமல் முடிந்திருக்கிறது.

"இதை ஏன்டா விட்ட?"

"நீங்கதானே மாமா விடச் சொன்னீங்க."

"நானா?"

பழைய பட்டியலில் விரலை வைத்தான். கைக்காவலுக்கு மேலே நான் எப்போதோ தட்டிய குறிப்பு: 'இதை எடுக்காதே.'

"போன மாசம் கேட்டேனே. 'எடுக்காதேன்னு போட்டிருக்கே, என்ன பண்ணட்டும்'னு. நீங்க திரும்பிக்கூடப் பாக்கல. 'போட்டிருக்குல்ல? அப்ப எடுக்காதே'ன்னீங்க. நான் எடுக்கல."

நான் சொன்னது, நீக்காதே என்று. அவன் புரிந்துகொண்டது, சேர்க்காதே என்று. ஒரே சொல்.

"அந்த மூணு பட்டறை! இன்னும் ஓடிட்டிருக்கும்டா!"

போனை எடுத்து முதல் நம்பரைத் தேடுவதற்குள் கதவு சுவரில் மோதித் திறந்தது. பிரஸ்காரரின் அண்ணன். பின்பக்கம் வெல்டிங் பார்ப்பவர். கையில் ஒரு முழ நீள இரும்புக் கம்பி.

"எவன்டா புதுசா மாத்தினது?"

சுருக்கின் முகமே சொல்லிவிட்டது. கம்பியின் முனையால் அவன் வாயில் ஒரு குத்து. பல் ஒன்று மேசையில் தெறித்தது. நான் குறுக்கே போனேன். என் போனைத் தட்டிவிட்டு, பூட்ஸ் காலால் நசுக்கினார். அவர் பின்னாலேயே தடுக்க ஓடிவந்த இரண்டு பேரில் ஒருவனுக்கு விலாவில் விழுந்தது. இன்னொருவன் ஒதுங்கிக்கொண்டான். சுருக்கைச் சட்டையோடு பிடித்துப் படிக்கட்டில் இழுத்துக்கொண்டு போனார். ஒவ்வொரு படியிலும் அவன் முதுகு மோதுகிற சத்தம் கேட்டது.

கீழே அவரே மெயினைப் போட்டார். பிரஸ் உறுமத் தொடங்கியது. சுருக்கை மண்டியிட வைத்து, முதுகில் முழங்காலை ஊன்றி, அவன் வலது கையை இழுத்து பிரஸ்ஸுக்குள் வைத்தார். இன்னொரு கால் மிதிக்கு மேலே நின்றது.

"இந்தக் கைதானே தட்டுச்சு? வை. உன் கம்ப்யூட்டர் நிறுத்துதான்னு பாப்போம்."

"மாமா! மாமா!" அவன் வாயில் ரத்தம் நுரைத்தது.

"அண்ணே, நிறுத்தாது! இதேதான் இன்னும் மூணு பட்டறைல ஓடுது. மொதல்ல அவங்களுக்குச் சொல்லணும். விடுங்க!"

"கதை விடறியா? மச்சினனக் காப்பாத்த நல்ல கதை."

நான் எதைச் சொன்னால் கேட்பார் என்று எனக்குத் தெரியும். இருந்தும் ஒரு நொடி வாயை மூடிக்கொண்டு நின்றேன். அந்தக் குறிப்பு யார் எழுதியது என்று எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. அவன் கையைவிட என் வேலை பெரிதாகத் தெரிந்த நொடி அது. அதை மறைத்து எழுத எனக்கு மனசில்லை.

"அவன் தப்பு இல்லண்ணே. நான் எழுதினத அவன் நம்பினான். சந்தேகம் கேட்டப்பவும் தப்பாச் சொன்னேன். சோதிக்க வேணாம்னு கையெழுத்துப் போட்டதும் நான்தான்."

வெல்டர் என்னையே பார்த்தார். மிதிக்கு மேலிருந்து காலை எடுத்தார். சுருக்கு கையை உருவிக்கொண்டு சரிந்தான்.

"எந்தக் கைல போட்ட?"

நீட்டினேன். கம்பி இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம்தான் முதலில் கேட்டது, வலி அப்புறம்தான் வந்தது. அடுத்தது தோளில் விழுந்தது. தரையில் கிடந்தேன். மூன்றாவதுக்குக் கம்பி மேலே போனது.

"அடிங்க. எவ்வளவு வேணா அடிங்க. அந்த மூணு பேருக்கும் கை இருக்குண்ணே. ஒரு போன் போட விடுங்க."

கம்பி அந்தரத்தில் நின்றது. சுருக்கு இடது கையால் தன் போனை எடுத்து நம்பரைப் போட்டான்.

"பிழஷ்ஷ... நிழுத்துங்க..." பல் போன வாயில் பேச்சு குழறியது.

"காலங்காத்தாலயே ஊத்திட்டியா? வைய்யா போனை!" அந்தப் பக்கம் துண்டித்துவிட்டார்கள்.

வெல்டர் போனைப் பிடுங்கினார். "நம்பரைப் போடுறா."

ரத்தம் பட்ட திரையில் சுருக்கு மறுபடி போட்டான். வெல்டர் போட்ட அதட்டலில் முதல் பட்டறை நின்றது. இரண்டாவதில் ஆள் லீவு, பிரஸ் ஓடவே இல்லை. மூன்றாவது ரொம்ப நேரம் அடித்தது. எடுத்தார்கள். பின்னால் பிரஸ் இறங்கும் சத்தம். தடால்.

"டேய், மெயினை அணை! உள்ள கையை வெக்காதே!"

"என்ன? கேக்கல. எதை வெக்கணும்?" தடால்.

"கைடா! உன் கை! வெளிய இழு! வெளிய!"

தடால். பிறகு ஒன்றுமில்லை.

"வெளியதான்யா இருக்கு. அணைச்சுட்டேன். எதுக்கு இப்படி உயிர் போற மாதிரி கத்தற?"

வெல்டரின் கையிலிருந்து போன் நழுவியது. பிரஸ்ஸில் முதுகைச் சாய்த்துத் தம்பியின் ரத்தத்திலேயே உட்கார்ந்தார். கம்பியை மட்டும் கீழே வைக்கவில்லை.