ஜனவரியில் சொல்லாத ஐந்து சொற்கள்

அணியின் டாக்டர் அங்னெட்டா பத்துச் சொற்களையும் நிறுத்தி நிதானமாகப் படித்தார். சாவி, மெழுகுவர்த்தி, ஆறு, தொப்பி, பால், ஏணி, நரி, ஜன்னல், உப்பு, படகு. படித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ரிக்கார்டைப் பார்த்தார். "எங்க, சொல்லு பாப்போம்."

சாவி, மெழுகுவர்த்தி, ஆறு என்று மூன்றும் ஒரே மூச்சில் வந்தன. கடைசியாகக் கேட்ட படகு வந்தது. அதற்கு மேல் நாக்கு நகரவில்லை. ரிக்கார்ட் மேஜையைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், ஜன்னல் வழியே மைதானத்தில் அக்டோபர் வெயில் சாய்ந்து கிடப்பதையும் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தும் ஜன்னல் நினைவுக்கு வரவில்லை. டாக்டரின் காப்பிக் கோப்பை கண்ணில் பட்டதும் "பால்" என்றான்.

"அஞ்சு," என்று குறித்துக்கொண்டார் அங்னெட்டா.

திங்கட்கிழமை கால்பந்து ஆட்டத்தில் ஒரு கார்னரைத் தலையால் அடிக்க எழும்பியபோது எதிரணிக்காரனின் நெற்றி அவன் பொட்டில் இடித்துவிட்டது. எழுந்து நின்று ஆட்டத்தை முடித்தான். ஆனால் இரண்டாம் பாதி என்ற ஒன்று நடந்ததாகவே அவனுக்கு ஞாபகம் இல்லை. அதை யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆடலாமா கூடாதா என்று முடிவுசெய்யத்தான் இந்தப் பரீட்சை.

ஒவ்வொரு வருஷமும் ஜனவரியில், தலை தெளிவாக இருக்கும்போது, எல்லா ஆட்டக்காரர்களையும் உட்கார வைத்து இதே பரீட்சையை நடத்தி மதிப்பெண்ணைக் கோப்பில் வைத்துவிடுவார்கள். பிறகு எவனுக்காவது தலையில் அடிபட்டால் மறுபடியும் நடத்தி ஒப்பிடுவார்கள். மதிப்பெண் குறையாவிட்டால் ஆடலாம். இந்த ஏற்பாட்டைச் செய்த புண்ணியவான் தன் வாழ்நாளில் ஒரு பந்தாட்டக்காரனைக்கூடச் சந்தித்ததில்லை போலிருக்கிறது. ஜனவரியில் வேண்டுமென்றே மோசமாகச் செய்துவிட்டால் போதும், வருஷம் முழுக்க எத்தனை இடி வாங்கினாலும் கோப்பு நம் பக்கம். டென்மார்க்கில் ஆடிய காலத்தில் இந்தத் தந்திரத்தைக் கற்றுவந்து இங்கே உடைமாற்றும் அறை முழுவதற்கும் பரப்பியவன் ரிக்கார்டேதான். "ஜனவரியில எவன் அறிவாளியா இருக்கானோ, அவன் ஏப்ரல்ல பெஞ்சுல உக்காருவான்டா," என்று அவன் சொன்னபோது எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். இந்த ஜனவரியிலும் தலையைச் சொறிந்து, விழித்து, ஐந்தே சொற்கள் சொன்னான். காரில் ஏறியதும் கோல்கீப்பர் மோர்ட்டனிடம் பத்தையும் கடகடவென்று ஒப்பித்து, பிறகு பின்னாலிருந்து முன்னாலும் ஒப்பித்துக் காட்டினான்.

இன்று அவன் நடிக்கவில்லை. உயிரைக் கொடுத்து யோசித்தான்.

அங்னெட்டா இரண்டு தாள்களையும் அருகருகே வைத்தார். "ஜனவரியிலயும் அஞ்சு, இப்பவும் அஞ்சு. மாசங்களத் தலைகீழா சொல்றதுல அப்பவும் ரெண்டு தப்பு, இப்பவும் ரெண்டு. ஒத்தக் கால்ல நிக்கிறதுகூட அதே தள்ளாட்டம்தான்." சிரித்தார். "நீ எப்பவுமே ஞாபகத்துல மக்குதான் ரிக்கார்ட். ஒரு மாத்தமும் இல்ல. ஞாயித்துக்கிழமை ஆடு. வேற ஏதாவது சொல்லணுமா? தலைவலி, கிறுகிறுப்பு?"

அவன் வேஷம் போட்டுக் காட்டிய முட்டாள் நிஜமாகவே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டான். சொல்லிவிடலாம் என்று ரிக்கார்ட் வாயைத் திறந்தான். "ஒண்ணுமில்ல," என்றது வாய்.

தாழ்வாரத்தில் மோர்ட்டன் மேலுதட்டுக்குள் புகையிலைப் பொட்டலத்தை அதக்கிக்கொண்டு காத்திருந்தான். "என்னடா, பாஸா?"

"ஜனவரி மார்க்கேதான்."

"அடேய் திருட்டுப் பயலே! எத்தன சொன்ன?"

"அஞ்சு."

"அளந்து வச்ச மாதிரி அஞ்சு! உன்ன மாதிரி நடிகன் ஸ்டாக்ஹோம் மேடையிலகூட இல்லடா," என்று முதுகில் ஓங்கி அடித்தான் மோர்ட்டன். ரிக்கார்டும் சிரித்தான். சிரிக்காமல் வேறென்ன செய்வது.

காரில் ஏறினான், கிளப்பவில்லை. பதினாறு வருஷமாகத் தடுப்பாட்டக்காரன். கோல் போடுகிறவனைத் தோளில் தூக்குவார்கள், தடுக்கிறவன் பேர் தப்பு நடந்தால்தான் வெளியே வரும். டென்மார்க்கில் இரண்டு வருஷம், ஜெர்மனியில் பெஞ்சில் ஆறு மாதம், தேசிய அணியில் ஒரே ஒரு ஆட்டம். அதுவும் உள்ளூர் லீக் ஆட்டக்காரர்களை மட்டும் கூட்டிப்போகும் ஜனவரிப் பயணத்தில் முப்பத்தொரு நிமிஷம். அன்று போட்ட தேசிய அணியின் மஞ்சள் சட்டை இன்னமும் அப்பாவின் வீட்டு மாடிப்படியில் கண்ணாடிக்குள் தொங்குகிறது. வேகம் எப்போதும் கிடையாது. தலை இருந்தது. எவ்வளவு உயரத்தில் பந்து வந்தாலும் முதலில் அங்கே இருப்பது அவன் தலைதான். வயது முப்பத்து நான்கு, ஒப்பந்தம் நவம்பரோடு முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தால்தான் அணி மேல் லீக்கில் தங்கும், தங்கினால்தான் அவனுக்கு இன்னொரு வருஷம்.

பெங்ட்டின் நினைப்பு வராமல் பார்த்துக்கொள்ள முயன்றான். வந்துவிட்டது. இதே அணியில், இதே இடத்தில், எண்பதுகளில் ஆடியவர். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மனைவியோடு வந்து நான்காவது வரிசையில் உட்காருவார். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை "யாரு ஜெயிக்கிறா?" என்று கேட்பார். அந்த அம்மாளும் முதல்தடவை கேட்பதுபோலவே பதில் சொல்வார்.

போன் அடித்தது. மனைவி தோவா. "இன்னிக்கு வெள்ளிக்கிழமை, டாக்கோ சாப்பிடுற நாள், மறந்துடாத. சோளம், வெள்ளரிக்கா, சீஸ், சிப்ஸ். நாலுதான்."

கடையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு இரண்டு சுற்று வந்தான். சிப்ஸ் கிடைத்தது. மற்றவற்றை மறுபடி போன் செய்து கேட்கலாம். கேட்கப் பயமாக இருந்தது. பரீட்சையில் சொன்ன ஒரு பொருள் மட்டும் உறுதியாக நினைவில் இருந்தது, அதையும் எடுத்துக்கொண்டான்.

தோவா பையைப் பிரித்தாள். "பாலா? நேத்தும் வாங்குன, முந்தாநேத்தும் வாங்குன. வீட்ல என்ன கன்னுக்குட்டியா வளக்குறோம்?" குளிர்பெட்டியைத் திறந்து காட்டினாள். இரண்டு பால் பெட்டிகள் பிரிக்காமல் நின்றன. அவற்றை வாங்கியது அவனுக்கு நினைவே இல்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அங்னெட்டா என்ன சொன்னாங்க?" அவள் இப்போது சிரிக்கவில்லை.

"ஆடலாம்னாங்க. ஜனவரில இருந்த மாதிரியேதான் இருக்குதாம்."

"அப்பாடா!" என்று அவன் மார்பில் சாய்ந்தாள் தோவா. "திங்கக்கிழமையிலேருந்து உயிரே இல்ல எனக்கு. டெஸ்ட்ல சரின்னா சரிதான்." அவள் தலைமுடிக்கு மேலாக அவன் குளிர்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞாயிறு மத்தியானம் இரண்டு மணிக்கு ஆட்டம். முதல் நிமிஷங்களில் பந்து தரையோடு போனதில் பிழைத்தான். பதினொன்றாவது நிமிஷத்தில் எதிரணிக்குக் கார்னர். பந்து எழும்பியது. பின்னாலிருந்து மோர்ட்டன் "ரிக்கார்ட், உன்னுது!" என்று கத்தினான். அவனுடையதுதான். பதினாறு வருஷமாக எங்கே விழும் என்று பார்க்காமலே தெரிந்த பந்து. தாழ்ந்த வெயிலுக்குள்ளிருந்து, அவன் கண்ணுக்கு, அது இரண்டாகப் பிரிந்து வந்தது. கால்கள் எழும்பத் தயாராயின. கழுத்து மறுத்தது. ரிக்கார்ட் தலையைக் குனிந்துகொண்டான்.

வலை அசைந்தது. ஏழாயிரம் பேர் இருந்த அரங்கத்தில் வெளியூரிலிருந்து வந்த ஒரு மூலை மட்டும் ஆர்ப்பரித்து அடங்கியது. மோர்ட்டன் பந்தை எடுக்காமல் அவனையே பார்த்தான். "என்னடா பண்ண? குனிஞ்சியா? நீயா?"

ரிக்கார்ட் எல்லைக்கோட்டை நோக்கி நடந்தான். அங்னெட்டா ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தார்.

"அங்னெட்டா," என்றான். "ஜனவரியில எனக்குப் பத்தும் தெரியும்."

"என்ன சொல்ற?"

"வேணும்னே அஞ்சு விட்டேன். வெள்ளிக்கிழமை விடல. வரல. பயமா இருக்கு."

அங்னெட்டாவின் முகத்தில் ரத்தமே இல்லை. கையுறையைக் கழற்றி, அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இருவருக்கும் மேலே, ஊரே வாயடைத்துக் கிடந்த அந்த நேரத்தில், நான்காவது வரிசையிலிருந்து ஒரே ஒரு கைதட்டல் கேட்டது. பெங்ட் எழுந்து நின்று, கழுத்தில் சொந்த அணியின் சிவப்புத் துண்டோடு, எதிரணி போட்ட கோலுக்குச் சந்தோஷமாகக் கைதட்டிக்கொண்டிருந்தார். கம்பளிக் கையுறைக்குள்ளிருந்து சத்தம் மெத்து மெத்தென்று வந்தது. அவர் மனைவி அந்தக் கைகளைப் பிடிக்க எழுந்துகொண்டிருந்தார்.